வல்லூறின் பத்துப் பொருத்தம்

கானாடுமேடு விமானத்தளத்தில் போர் விமானத்துக்குப் புது எஞ்சின் மாட்டுவதென்றால், முதலில் இரண்டின் ஜாதகத்தையும் வைத்துப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். கோப்புகளெல்லாம் தமிழுக்கு மாறிய ஆண்டில் 'பொருத்தம் பார்த்த பிறகே பொருத்துக' என்று ஓர் உத்தரவு வந்தது. தபால் பிரிவில் இருந்தவர் அதைப் பட்டறைக்கு அனுப்பாமல் கடைத்தெருவில் இருக்கும் திருமேனி ஜோசியருக்கு அனுப்பிவிட்டார். ஜோசியர் மறுநாள் காலையே பஞ்சாங்கமும் கையுமாக வாசலில் வந்து நின்றார். வந்த மனுஷரை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? அன்றிலிருந்து அதுவே நடைமுறையாகிவிட்டது.

அந்த நடைமுறைப்படி முதலில் பொருத்தம் பார்க்கப்பட்டது வல்லூறுக்குத்தான். வல்லூறு ஐம்பத்திரண்டு வயதான போர் விமானம். அதற்குப் பின்னால் வந்த புது ரக விமானங்கள் மூன்று தலைமுறை பார்த்துவிட்டன. ஆனாலும் பைலட்டுகள் லீவு நாளில்கூட வந்து வல்லூறை ஒரு சுற்று ஓட்டக் கிடைக்குமா என்று கேட்பார்கள். "புது விமானத்துல நான் மட்டும் போறேன், வல்லூறுல நாங்க ரெண்டு பேரும் போறோம்" என்பார்கள். அதனால் அதை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. முள் ஓடும் மானிகளை எடுத்துவிட்டுத் திரைகள் வைத்தார்கள். மூக்கில் புது ரேடார், உடம்பு முழுக்கப் புது வயரிங், பைலட்டுக்குப் புது இருக்கை. பாக்கி இருந்தது எஞ்சின் ஒன்றுதான். பங்குனிக்குள் எஞ்சின் அமையாவிட்டால் வல்லூறைப் பேருந்து நிலைய ரவுண்டானாவில் தூண்மேல் ஏற்றி நிறுத்திவிடுவது என்று முடிவாகியிருந்தது. நகராட்சிக்காரர்கள் தூணைக் கட்டிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள்.

தலைமை டெக்னீஷியன் லட்சுமணப்பெருமாளுக்கு அந்த வழியாகப் பஸ்ஸில் போகவே பிடிக்கவில்லை. இருபத்தொன்பது வருடமாக வல்லூறைக் கழற்றிப் பூட்டிக் குளிப்பாட்டியவர் அவர். அவருக்கும் மனைவி செண்பகவல்லிக்கும் வேறு பிள்ளை கிடையாது. வல்லூறு தூணில் ஏறுகிற அன்றைக்குத் தன் மூச்சும் நின்றுவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

ஜோசியர் ஹேங்கருக்குள் வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தார். முதன்முதலில் சக்கரம் தரையை விட்ட நேரம்தான் விமானத்துக்குப் பிறந்த நேரம். எஞ்சினுக்கு, முதன்முதலில் பற்றிய நேரம். இரண்டையும் குறித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

"இதுல பொண்ணு வீடு யாரு, மாப்பிள்ளை வீடு யாரு?"

"என்ன சாமி கேக்கிய? வல்லூறு எம்பொண்ணுல்லா!" என்றார் லட்சுமணப்பெருமாள்.

"யாரு யாரு வீட்டுக்கு வாழப் போறது?"

எஞ்சின்தான் விமானத்துக்குள் வருகிறது. விமானம் எங்கும் போகவில்லை. ஜோசியர் வல்லூறின் கட்டத்துக்கு மேலே 'ஆண்' என்று எழுதினார். லட்சுமணப்பெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தொன்பது வருடம் கண்ணே, தாயி, ராசாத்தி என்று கூப்பிட்ட வாய். வெளியே வந்து செண்பகவல்லிக்குப் போன் போட்டார்.

"ஏ, நமக்கு இருக்கது பையனாம்."

"நான் அப்பமே நெனச்சேன்," என்றாள் அவள். "பொம்பளப் பிள்ளைன்னா இம்புட்டுச் சத்தம் போடுமா?"

பத்தில் ஒன்பது பொருந்தியிருந்தது. ரஜ்ஜு தட்டவில்லை. பெண் பார்க்க மேட்டுப்பட்டறை எஞ்சின் தொழிற்சாலைக்கு லட்சுமணப்பெருமாளும் செண்பகவல்லியும் பூ, பழத்தோடு போனார்கள். பெண் வீட்டுச் சார்பில் பேசியவர் பூங்கோதை என்கிற இன்ஜினியர். கேசரியும் பஜ்ஜியும் கொடுத்துவிட்டு எஞ்சினைத் தள்ளுவண்டியில் வைத்து மெதுவாக அழைத்து வந்தார்கள். செண்பகவல்லி, குரல் எப்படி என்று கேட்டாள். ஒரு நிமிடம் ஓடவிட்டுக் காட்டினார்கள். நல்ல குரல்தான். ஜன்னல் கண்ணாடிகள் இரண்டு போய்விட்டன.

லட்சுமணப்பெருமாள் சும்மா இருக்கமாட்டாமல் எஞ்சினைச் சுற்றி வந்தார். அது விமானத்தின் உடம்போடு சேருகிற காதுகளில், போல்ட் உட்காரும் இடத்தில், ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தது. அவர் கண்ணுக்குத் தப்புமா? திடுக்கிட்டுப் பூங்கோதையைப் பார்த்தார்.

"ஏற்கெனவே ஒரு எடத்துல மாட்டியிருக்கே!"

"ஆமாங்க. நாப்பது மணி நேரமுங்க," என்றார் பூங்கோதை. "அந்த விமானம் சரியில்லீங்க. நாங்களே போயிக் கூட்டிட்டு வந்துட்டோம். மறைக்கோணும்னு நெனைக்கலீங்க, பஜ்ஜி சாப்ட்டு முடிக்கட்டும்னு இருந்தோம்."

லட்சுமணப்பெருமாள் அதிர்ந்துபோய் வராந்தாவுக்கு வந்து நின்றார். மறுமணமா? நம்ம வல்லூறுக்கா? நாலு பேர் கேட்டால் என்ன பதில் சொல்வது? பூங்கோதை பின்னாலேயே காப்பி டம்ளரோடு வந்தார்.

"ஏனுங்க, உங்க பையனுக்கு இதுக்கு முன்னாடி எத்தனைங்க?"

"நாலு."

"அந்த நாலும் இப்ப எங்கீங்க இருக்குது?"

ஒன்று எரிந்துபோனது. ஒன்று பருந்தை விழுங்கிப் படுத்துவிட்டது. இரண்டு, பழைய இரும்புக் கொட்டகையில் மழையில் நனைந்துகொண்டிருந்தன. சல்லடை ஊசியைப் பார்த்துச் சிரித்த கதையாகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்ன, காப்பியை வாங்கி ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். உள்ளே போய்த் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

பங்குனி உத்திரத்தன்று, கெட்டிமேளம் முழங்க, பன்னிரண்டு போல்ட்டையும் லட்சுமணப்பெருமாளே முடுக்கினார். வல்லூறு எழுந்தபோது ஓடுபாதையின் இருபக்கத்திலும் நின்றவர்கள் வாய் பிளந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு ஏற்றம். புது ரக விமானங்களில் இருந்தவர்கள் கீழே இறங்கி வந்து கைதட்டினார்கள். தளத் தலைவர் அன்றைக்கே ரவுண்டானா கோப்பை மூடிவைத்தார். லட்சுமணப்பெருமாள் பல நாளுக்குப் பிறகு ரவுண்டானா வழியாகவே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

ஆடி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது பூங்கோதை லாரியோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளைக்குச் சீராகப் புதுத் தார்ப்பாய் கொண்டுவந்திருந்தார். ஆடி மாதம் முழுக்கப் புதுப்பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? தளத் தலைவர் வெளியேற்றுச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'ஆடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முடுக்கின கையாலேயே லட்சுமணப்பெருமாள் பன்னிரண்டு போல்ட்டையும் கழற்றினார். எஞ்சின் இருந்த இடத்தில் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கிவைத்தார்.

பதினெட்டாம் பெருக்கு அன்று காலை ஹேங்கரைத் திறந்தபோது வல்லூறைக் காணவில்லை. மணல் மூட்டைகள் சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக இருந்தன. அவர் கோபுரத்துக்கு ஓடினார். அங்கே பணியில் இருந்தவர் புறப்பாட்டு ஏட்டைப் பார்த்துச் சொன்னார்.

"ஆறு பத்துக்குக் கெளம்பிச்சு. மேட்டுப்பட்டறைப் பக்கம்."

"எங்கிட்டச் சொல்லச் சொல்லி ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலையே."

லட்சுமணப்பெருமாள் அங்கிருந்து இறங்கி வந்தார். கோபுரத்துப் படியிலேயே உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் கையைக் காட்டாமல் வல்லூறு ஓர் அடி நகர்ந்ததில்லை. அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

"கட்டுனவளப் பாக்கப் போறவன் ஒங்ககிட்டக் கேட்டுக்கிட்டா போவான்?" என்றாள் செண்பகவல்லி போனில்.

மறுநாள் மத்தியானத்துக்கு முன் வல்லூறு திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது. சக்கரங்களில் ஆற்று மணல். பைலட் இருக்கையில் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கட்டுச்சோறு இருந்தது. சாயங்காலம் வரை அவர் அதைத் தொடவில்லை. பிறகு பசித்தது. ஆடியில் போய்வந்த விஷயத்தைத் தளத் தலைவரிடம் சொல்லாமல் சக்கரத்தைக் கழுவி, மணல் மூட்டைகளைப் பழையபடி உள்ளே வைத்தார்.

ஆவணி முதல் தேதி எஞ்சின் திரும்பி வந்தது. மழைக்காலமும் மார்கழிப் பனியும் குறையில்லாமல் போயின. சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள் ஹேங்கரைத் திறந்தார். வல்லூறின் இடது இறக்கைக்கு அடியில், ஆட்டோ உயரத்தில், சின்னதாக ஒரு விமானம் நின்றது. பெயின்ட் இன்னும் காயவில்லை. போல்ட்டெல்லாம் சரியான அளவில் இருந்தன. மூக்கு அப்படியே வல்லூறின் மூக்கு.

சந்தோஷத்தில் அவர் அதைத் தொடப் போனார். பாதி வழியில் கை நின்றது. சித்திரை, பங்குனி, மாசி என்று விரல்விட்டுப் பின்னால் எண்ணினார். எங்கே போய் நிற்கும் என்று எண்ணாமலே தெரிந்திருந்தது. ஆடியில் போய் நின்றது.

தளத் தலைவர் வந்து பார்த்தார். குழந்தையின் வால் எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு விதிப் புத்தகத்தைப் பிரித்தார். அதில் 'சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பன் தெருவிலே' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது.

"ரவுண்டானாவுல தூண் ரெடியா இருக்கு. நாளைக்குக் காலையில கிரேன் வந்துடும்," என்றார்.

"சார், அவன் இப்பந்தான சார் நல்லாப் பறக்க ஆரம்பிச்சிருக்கான்!"

"பறக்கிற அப்பன், பறக்காத அப்பன்னு விதியில ரெண்டு வகை இல்லையே, பெருமாள். பிறப்புப் பதிவேட்டை எழுதிக் கொண்டுவாங்க."

பதிவேட்டை எழுதுவது தலைமை டெக்னீஷியனின் வேலை. பிறந்த தேதி எழுதினார். பிறந்த இடம் எழுதினார். தாயின் பெயர் என்ற இடத்தில் எஞ்சினின் வரிசை எண்ணை எழுதினார். தகப்பன் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தார். வல்லூறு ஒன்றும் தெரியாதது போல நின்றது. ஆடியில் சொல்லாமல் போன கோபம் அவருக்கு இன்னும் இருந்தது. அந்தக் கோபத்தோடேயே தன் பெயரை எழுதினார்.

தளத் தலைவர் பதிவேட்டை வாங்கி வரிவரியாகப் படித்தார்.

"தமிழ்க் கோப்புல லட்சுமணப்பெருமாளுக்கு முன்னால 'இ' போடணுமே."

போட்டார். தலைவர் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிரேன் லட்சுமணப்பெருமாளைத் தூக்கித் தூண்மேல் நிறுத்தியது. புறப்படுகிற வாக்கில் நிற்க வேண்டும் என்று விதி. மார்பை முன்னால் தள்ளி, கைகளைப் பின்னால் விரித்துக்கொண்டார். பூட்ஸை நான்கு போல்ட்டுகளால் இறுக்கினார்கள். ஒன்று சரியாக முடுக்கவில்லை என்று அவரே சொல்லித் திருத்தினார். காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வலது கை சிக்னலை மறைக்கிறது என்று போக்குவரத்துப் போலீஸ்காரர் சொன்னதும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

பத்து மணிக்கு வல்லூறு தலைக்கு மேலே வந்தது. பின்னாலேயே சின்னது. தன்னைப் பார்க்கும், ஒரு தடவையாவது இறக்கையைச் சாய்க்கும் என்று அவர் காத்திருந்தார். வல்லூறு கீழே பார்க்கவே இல்லை. சின்னதை மட்டும் பார்த்துக்கொண்டே போய்விட்டது. அவருக்கு அது பெரிய அடியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பெற்றவன் அப்படித்தான் போவான் என்று தோன்றியது.

மத்தியானம் செண்பகவல்லி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் சாப்பாட்டுக் கூடையும் ஒரு பாயும் இருந்தன. தூணை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கிரேன்காரரிடம் போனாள்.

"என்னையும் ஏத்திவிடுங்க."

அவர் எடை கேட்டார். அறுபத்தெட்டு கிலோ என்றாள். தூண் தாங்கும் எடைக் கணக்குக்கு அது சரியாக இருந்தது.