சவரியம்மாளின் உதிர்ந்த முடி

கடலூர் முதுநகர் சவரியம்மாளின் தலையிலிருந்து உதிர்ந்த முடியெல்லாம், 2005 தவக்காலம் தொடங்கி, மறுநாள் காலையில் அவள் வாசற்படிக்கே திரும்பி வந்தது. கழுவியாவது வந்ததா என்றால் அதுதான் இல்லை. சிதம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் அவளுக்குச் சமையல் வேலை. அங்கே சாம்பாரில் விழுந்தது பருப்போடு வந்தது. எவன் பல்லிலோ சிக்கியது எச்சிலோடு வந்தது. சாக்கடையில் போனது கொழகொழவென்று சோப்பு அழுக்கோடு வந்தது. ச்சீ, சொல்லும்போதே குமட்டுகிறது. ஒரு முடிகூடத் தவறியதில்லை.

பக்கத்து வீட்டு ராஜாமணிக்கு மட்டும் ஒரே பூரிப்பு. "நம்ம தலைமுடியக்கூட ஆண்டவரு எண்ணி வெச்சிருக்காருன்னு கோயில்ல சொல்றாங்கல்ல, அதான்க்கா இது. உன்ன தனியாப் பாத்துக்கறாரு."

"எண்ணட்டும். அதுக்குன்னு சாக்கடையில கைய வுடணுமா? தூ!"

2007-இல் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுப் பார்த்தாள். காணிக்கை முடி அவளுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது, யார் யார் தலைப் பேனையெல்லாமோ சேர்த்துக்கொண்டு.

அவள் அருவருப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. 2004 டிசம்பரில் அலை அவள் புருஷன் அந்தோணிசாமியைக் கொண்டுபோன மூன்றாம் நாள், ஓர் உடலைக் காட்டி, "பாரும்மா, உங்க ஆளா?" என்று கேட்டார்கள். ஊதிக் கறுத்துக் கிடந்த அந்த முகத்தில் என்னவோ நெளிந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சரியாகப் பார்க்காமலே, "எங்க வூட்டுக்காரரு இல்ல" என்று திரும்பிவிட்டாள். உடலைப் பேரில்லாமல் பொதுக்குழியில் தள்ளி மூடினார்கள். ஒருவேளை அவராகவே இருந்தால்? கட்டினவளே இல்லையென்ற ஆளை அப்புறம் யார் தேடுவார்கள்? நாளுக்கு நாள் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு ஏறியது.

2010-இல் ஒரு காலை, யாரோ துப்பிய சளி ஒட்டிய முடியைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது. தெருவே கேட்கக் கத்தினாள். "என் மசுர எண்ணத் தெரியிது, அந்தக் குழியில கெடக்கறவர எண்ணத் தெரியாதா ஒனக்கு? மூஞ்சியக்கூடப் பாக்காம இல்லன்னுட்டனே, பாவி!"

மறுநாள் அவள் முடியோடு குட்டை முடி ஒரு பிடி வந்து கிடந்தது. கறுப்புச் சாயம், காதோரத்து நரை மட்டும் விட்டுப்போயிருந்தது. அலை வந்ததற்கு முந்தின நாள் கிறிஸ்துமஸுக்கு அவளே புருஷன் தலையில் அவசர அவசரமாகப் பூசிவிட்ட சாயம் அது. கூடவே ஈர மண்ணும், பிண நாற்றமும். தெருச் சனம் வாயைப் பொத்திக்கொண்டு விலகியது. சவரியம்மாள் குந்தி உட்கார்ந்து, மண்ணோடு அப்படியே அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

"நான்தான் பாக்கல சாமி. நீ பாத்துட்ட" என்று ஓவென்று அழுதாள்.

அதற்கடுத்த நாளும் அவள் முடி வந்தது, இட்லி மாவோடு. ஒரு சொம்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டு, சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.