இரண்டு காகிதங்களில் ஒரு வீடு

வீடு பார்க்க வந்த தையல்கார அம்மாள் கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தாள். ஒன்றைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டாள். மற்றதை நான்காக மடித்துக் கணவரிடம் நீட்டினாள். "இதே ஊர்லதான் அந்த இன்னொரு வீடும் இருக்காம். போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம். வாங்கறதுக்கு இல்ல, சும்மா." முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனிதர், மனைவி கொடுத்த எதையும் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளும் பழக்கமுடையவர் போலிருந்தது. காகிதம் சட்டைப் பைக்குள் போனது.

வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த பாப்பாவுக்கு அது காதில் விழுந்தது. இந்த ஊரில் மொத்தமே முப்பது வீடு. அதில் இன்னொன்று விலைக்கு வந்து தனக்குத் தெரியாமல் இருக்குமா? தரகர் எதையாவது போட்டுக் குழப்பியிருப்பார் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு இன்று அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

பாப்பா என்பது கூப்பிடுகிற பெயர்தான். ஆளுக்கு நாற்பத்தாறு வயது. டவுனில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "ஒண்ணும் வலிக்காதுங்க" என்று சொல்வது அவள் உத்தியோகம். பத்தொன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, எதைப் பார்த்தாலும் அதன் வலிக்காத பக்கம்தான் முதலில் அவள் கண்ணில் படும். அம்மா போய் ஒரு வருடமாக வீடு பூட்டிக் கிடக்கிறது. அவளும் அண்ணனும் ஆளுக்கொரு ஊரில் வேர் பிடித்தாயிற்று. விற்கத்தான் வேண்டும், அதில் அவளுக்கு மறுப்பில்லை. யாருக்கு என்பதில்தான் இருந்தது எல்லாம். பக்கத்து நிலத்துக் கிடங்குக்காரர் திங்கள்கிழமைவரை கெடு வைத்திருந்தார். அவருக்கு வீடு வேண்டாம், இடம்தான் வேண்டும். வாங்கிய மறு வாரம் இடித்துவிட்டு லாரி நிறுத்துவார். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. "யாரும் வரலேன்னா குடுத்துடலாம் பாப்பா" என்று அண்ணன் போனில் சொன்னபோது, அந்தக் குரலில் ஒரு துளி வருத்தம் இருக்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. அது அவளைச் சுட்டது. இன்று சனிக்கிழமை. இவர்கள்தான் வந்திருக்கும் முதல் ஆட்கள், அநேகமாகக் கடைசி ஆட்களும்.

அண்ணன் விடியற்காலையிலேயே வந்து பின்பக்கக் கூரைமேல் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயதிலும் ஏணி என்றால் உற்சாகம். அவர் அங்கேயே இருக்கட்டும் என்று பாப்பா வேண்டிக்கொண்டாள். அண்ணனை ஒரு கல்யாண வீட்டுக்குள் விட்டாலும் பந்தல் கால் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வீடு பார்க்க வந்தவர்கள்முன் அப்படி ஒரு ஆளை யார் நிறுத்துவார்கள்?

அதனால் அவளே சுற்றிக் காட்டினாள். முன்னறை, அம்மாவின் அறை, மாடிப்படிக்கு அடியில் இருந்த குட்டி அறை, அடைத்து ஜன்னல் வைத்த பின் வராந்தா, மாடி அறை. தையல்கார அம்மாள் காகிதத்தோடு ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். டிரைவர், டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் சுவர்களை அங்கங்கே விரலால் தட்டினார்.

சமையலறைக்கு வந்ததும் தையல்கார அம்மாள் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினாள். ஒரு எலுமிச்சம்பழம் கைக்கு வந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "எழுதியிருந்தது அப்படியே இருக்கே!" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை உரக்கப் படித்தாள். "'ஐந்து அறைகள். சமையலறை ஜன்னலில் நின்றபடியே எலுமிச்சை பறிக்கலாம். மாடி அறை எவ்வளவு குளிரிலும் கதகதப்பாக இருக்கும். மழை பெய்தால் ஓட்டின்மேல் விழும் சத்தத்தில் தூக்கம் சொக்கும். ஓடைக்குப் பத்தே நிமிட நடை. குழந்தைகள் வளர நல்ல வீடு. வளர்ந்தவள் சொல்கிறேன்.' இதைப் படிச்சுட்டுத்தாம்மா இவரை இழுத்துட்டு வந்தேன். நீங்க எழுதினதா?"

பாப்பாவுக்குக் காது மடல் சூடானது. "ஆமாங்க."

"எழுதினா இப்படி எழுதணும். இன்னொருத்தன் எழுதியிருக்கான் பாருங்க. ஏங்க, அதை எடுங்க." கணவரின் பையிலிருந்து மற்ற காகிதம் வெளியே வந்தது. "பொண்டாட்டிகூட சண்டை போட்டுட்டு வந்து எழுதியிருப்பான் போல. கேளுங்க. 'அறைகள் மூன்று. மற்ற இரண்டும் அறைக் கணக்கில் வராது. பழுதுகள் வருமாறு.' வீட்டை விக்கறவன் பழுதுகள் வருமாறுன்னா ஆரம்பிப்பான்?"

பழுதுகள் வருமாறு. அந்த வார்த்தைகளைக் கேட்டதும் பாப்பா திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றாள். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இப்படி எழுதுவார்.

நடந்தது என்னவென்று அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. அந்தக் குடும்பத்தில் எந்தப் பேச்சும் "நான் பாத்துக்கறேன்" என்றுதான் முடியும். சொன்னபின் யாரும் யாரையும் திரும்பக் கேட்பதில்லை. தரகருக்கு வீட்டைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும் என்று பேச்சு வந்தபோது அவளும் "நான் பாத்துக்கறேன்" என்றாள். அண்ணனும் அதையேதான் சொன்னார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் முன்வாசலைப் படமெடுத்து அனுப்பினாள். அவர் கழிவுநீர்க் குழாயைப் படமெடுத்து அனுப்பியிருப்பார். ஊர்ப்பக்கமே வந்திராத தரகர் இரண்டு வீடு என்று கணக்குப் போட்டு இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிட்டார்.

"அது எங்கம்மா இருக்கு? தெரியுமா?" என்றாள் தையல்கார அம்மாள்.

"அது வித்துப் போச்சுங்க" என்று பாப்பாவின் வாய் சொன்னது. ஒன்றும் வலிக்காதுங்க என்று சொல்லிப் பழகிய அதே வாய்.

"நல்லதாப் போச்சு. பாவம், எவன் தலையில கட்டினானோ." அந்த அம்மாள் விடவில்லை. ஒரு நகைச்சுவைத் துணுக்கைப் படிப்பதுபோல் மேலே படித்துக்கொண்டே போனாள். "'ஒன்று. பலத்த மழையில் மாடி அறையின் மேற்கு மூலை ஒழுகும். குழந்தையின் கட்டிலை அந்தப் பக்கம் போடக் கூடாது. வாளி நிறையும்முன் மாற்ற வேண்டும். இரண்டு. மாடிப்படியில் ஐந்தாவது படி சத்தம் போடும். யாராவது தூங்கினால் சுவரோரமாக மிதித்து ஏறவும். மூன்று. எலுமிச்சை வேர் குழாய்க்குள் போகும். ஆண்டுக்கு ஒருமுறை தோண்டி வேரை மட்டும் வெட்டினால் போதும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. நான்கு. மாடி அறைச் சுவருக்குள் புகைபோக்கி செல்கிறது. குளிர் நாட்களில் சமையல் முடிந்த பிறகும் அடுப்பில் இரண்டு கட்டை வைத்து, அணையும்வரை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது அறை காலைவரை கதகதப்பாக இருக்கும். இல்லாவிட்டால் உறைந்துவிடும்...'"

படிக்கப் படிக்க அந்த அம்மாளின் குரலில் இருந்த கிண்டல் எங்கேயோ குறைந்துகொண்டு வந்தது. பாப்பா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அப்பா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. மாடி அறைக் கட்டிலில் அவள் படுத்ததும் தூங்கிவிடுவாள். மழை பெய்தால் இன்னும் நன்றாகத் தூங்குவாள். வாளி என்று ஒன்று அந்த அறையில் இருந்ததை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஐந்தாவது படி சத்தம் போடுவதைக் கேட்டதில்லை. மாடி அறை தானாகவே கதகதப்பாக இருப்பது என்றுதான் நாற்பது வருடம் நினைத்திருந்தாள், அதையே எழுதியும் கொடுத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, இன்றைக்குப் போய்த் தெரிகிறதே என்று ஆற்றாமையாக இருந்தது.

"'ஐந்து. ஓடை ஒன்றரைக் கிலோமீட்டர். பாதை கரடுமுரடு. சின்னக் குழந்தையானால் தூக்கிக்கொண்டு போகவும்.'" தையல்கார அம்மாள் நிறுத்தினாள். "இதிலயும் ஓடை இருக்கே?"

அப்போதுதான் பின்கதவு வழியாக, தலையெல்லாம் ஓட்டுத் தூசியோடு, கையில் பாதி உடைந்த ஓட்டுடன் அண்ணன் உள்ளே வந்தார். டிரைவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "ஓடு மாத்த வந்தவரா? நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்க. வீடு எப்படி?"

அண்ணன் பதில் சொல்வதற்கு முன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, தையல்கார அம்மாள் கையிலிருந்த காகிதங்களைக் கேட்டு வாங்கினார். தன்னுடையதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பாப்பாவினுடையதைப் படித்தார். ஆறு வரிதான். லிஃப்ட் கயிற்றைச் சோதிப்பதுபோல் இழை இழையாகப் படித்தார். கடைசி வரியில் கண் நின்றது. மறுபடி மேலே போய்ப் படித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அஞ்சு ரூமா, பாப்பா?" என்றார்.

தையல்கார அம்மாள் அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், இருவர் மூக்கும் ஒரே அச்சாக இருப்பதைப் பார்த்தாள். அளவெடுத்தே பிழைத்த கண். "ரெண்டும் ஒரே வீடா?"

"ஒரே வீடுதாங்க. வித்துப் போச்சுன்னு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றாள் பாப்பா. பிறகு வந்தவர்கள் இருப்பதையே மறந்து அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஓடைக்கு நான் நடந்ததே இல்லியா?"

"எட்டு வயசு வரைக்கும் என் தோள்லதான் போன. உனக்குப் பத்து நிமிஷம்தான் இருந்திருக்கும்."

டிரைவர் சிரித்துவிட்டார். உடம்பு குலுங்கச் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "பொய் சொன்னது தப்பும்மா" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். அப்புறம் மேசைமேல் கிடந்த இரண்டாவது காகிதத்தை எடுத்துக்கொண்டாள். "வாங்க, முதல்லேர்ந்து காட்டுங்க. இந்தத் தடவை இவர் காட்டட்டும்."

அண்ணன் காட்டினார். ஒழுகும் மூலையைக் காட்டினார். சுவரோரமாக மிதிப்பது எப்படி என்று ஐந்தாவது படியில் ஏறி இறங்கிக் காட்டினார். குழாயைக் காட்ட மூடியைத் தூக்கினார். டிரைவர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தலையை உள்ளே விட்டார். இருவரும் அங்கேயே கால்மணி நேரம் பேசினார்கள். எல்லாம் முடிந்து, "நாங்க கொஞ்சம் பேசிட்டு வர்றோம்" என்று தம்பதி வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்கள். கார் கிளம்பவில்லை. பாப்பா சமையலறை ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கெடுத்தியே அண்ணா. ரெண்டு நல்ல வார்த்தை எழுதினா குறைஞ்சா போயிடுவ?"

"நீதான் எழுதிட்டியே."

"கிடங்குக்காரனுக்கே குடுத்துடணும்னு இருக்கியா?"

அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஈர முகத்தோடு திரும்பி, இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "இடிக்கப் போறவனுக்கு எந்த மூலை ஒழுகுனா என்ன? அவனுக்கு எதுக்கு இவ்ளோ எழுதணும்? இருக்கப் போறவங்களுக்குத்தானே எழுதினேன். சொல்லாம விட்டுட்டா அவங்க எப்படிப் பாத்துப்பாங்க?"

பாப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுகை வந்தது. அதை அடக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டின்மேல் தனக்கு மட்டும்தான் பாசம் என்று ஒரு வருடமாக மனதுக்குள் அண்ணனை வைதுகொண்டிருந்தாள். அவர் ஒரு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்த இடம் போக மிச்சத்தை அவளிடம் நீட்டினார். "ரூம் மூணுதான். அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றார். அவள் அழுகையும் சிரிப்புமாக அதை வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை என்ன ஆனாலும் சரி, இது போதும் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது. ஆனாலும் கண் ஜன்னலுக்குத்தான் போனது.

கார்க் கதவு திறந்தது. தையல்கார அம்மாள் மட்டும் இறங்கி வந்தாள். நேராகச் சமையலறையைத் தாண்டிப் பின் வராந்தாவுக்குப் போனாள். அண்ணன் அறைக் கணக்கில் சேர்க்காத இடம். கைப்பையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த மஞ்சள் நாடாவை எடுத்து உதறினாள். எண்கள் பாதி அழிந்துபோன பழைய தையல் நாடா.

"சார், இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிங்க."

அண்ணன் போய், ஜன்னலுக்குக் கீழே சுவர் மூலையில் நாடாவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். நாடா தீர்ந்த இடத்தில் பையைத் துழாவி ஒரு நீலச் சாக்கட்டியை எடுத்துச் சுவரில் சின்னதாய் ஒரு கோடு போட்டாள். "இங்க ஒரு மெஷின்" என்றாள், யாரிடமும் இல்லாமல். கோட்டிலிருந்து மறுபடி நாடாவை விரித்தாள். மற்ற முனையோடு அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டே கூட நகர்ந்தார். குறுக்கே கிடந்த நாற்காலியைப் பாப்பா சத்தமில்லாமல் தூக்கி நகர்த்தி வைத்தாள்.