கொட்டிட்டு வாரேன்

வின்சி முதல் மடக்கை நாக்கைச் சுற்றி உருட்டி எவர்சில்வர் தூக்குவாளியில் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது, அண்ணன் செல்வின் மாடியறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். காலை ஆறரை மணி. மேசையில் இருமல் மருந்துப் புட்டிகள் போல இருபத்து நான்கு சின்னப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் எழுதியிருந்தாள். அவசரமாகத் துண்டை எடுத்து மூடப் போனாள்.

“மூடாத. கீழ அடுப்படி வரைக்கும் வாசம் வருது,” என்றான். “செவப்பா, வெள்ளையா?”

“செவப்பு.”

அவன் உள்ளே வந்து ஒரு புட்டியைத் தூக்கி நம்பரைப் பார்த்தான்.

வின்சிக்கு முப்பத்தொரு வயது. பெங்களூரில் ஒரு நட்சத்திர ஹோட்டலில், எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று விருந்தாளிகளுக்குச் சொல்கிற வேலை. ஊரில், ஸ்ரீவில்லிபுத்தூர் சபையாரிடம், ஓய்வுபெற்ற டீச்சரான அம்மா ஜெயபாய், மகள் ரிசப்ஷனில் இருக்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். வருகிற திங்கட்கிழமை பெங்களூரில் பரீட்சை. பெயர் தெரியாத பன்னிரண்டு கோப்பைகளை முன்னால் வைப்பார்கள். ஒவ்வொன்றின் நிறம், வாசம், புளிப்பு, துவர்ப்பு, ருசி தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தத் திராட்சை, எந்த நாடு, தரம் எப்படி என்றெல்லாம் எழுத வேண்டும். இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவதிலும் போனால் பிறகு எழுத முடியாது. இந்த நேரத்தில்தான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்துக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வின்சி லீவு போட்டு வந்தாள். சிவப்பும் வெள்ளையுமாகப் புட்டிகளில் நிரப்பி, துணிகளுக்கு நடுவில் சுற்றி, பஸ்ஸில் கொண்டு வந்தாள். நுரை ஒயினை மட்டும் மாற்றி ஊற்ற முடியாது, குமிழ் போய்விடும். அதனால் அதில் மட்டும் திறக்காத சின்னப் பாட்டில்கள் மூன்று.

செல்வின் மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியன். ஒரு நாள் போதையில் பேனல் போர்டில் கைவைத்து, உயிர் பிழைத்து, வேலையை விட்டான். மனைவி ஜாஸ்மின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சோழபுரத்தில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆறு மாதம் குடியைத் தொடாமல் இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

“நம்பரப் பாத்து நீயே ஊத்தி நீயே குடிச்சா அது என்ன டெஸ்ட்டு? மறைச்சு நான் ஊத்தித் தாரேன்.”

“வேண்டாம்ணே.”

“தெரிஞ்சுதான் சொல்லுதேன். ஒளிச்சு வச்சாத்தான் எனக்குக் கை நடுங்குது. கண்ணு முன்னால இருந்தா ஒண்ணும் இல்ல.”

அவள் அதை நம்பினாள். ஊற்றித் தர ஓர் ஆள் தேவைப்பட்டது, அதனால் நம்புவது எளிதாக இருந்தது.

அவன் ஒழுங்காகச் செய்தான். அவளை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் அளவாக ஊற்றி, வரிசையை நோட்டில் குறித்துக்கொள்வான். இரண்டாம் நாள் அவள் ஒரு சிவப்பை வைத்துக்கொண்டு முழித்தாள். புத்தகத்தில் போட்டிருந்த பழத்தை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. செல்வின் கோப்பையை வாங்கி மூக்கை மட்டும் உள்ளே விட்டான்.

“நாவப்பழம்ட்டி. கீழ விழுந்து வெயில்ல கெடந்தது.”

அதேதான். அதற்கப்புறம் அவனிடம் கேட்காமல் அவள் எழுதவில்லை. மரப்பீப்பாயில் வைத்த வெள்ளையை, பால்கோவா கிண்டும்போது அடிப்பிடித்த வாசம் என்றான். இன்னொன்றில் புளிப்பு நெல்லிக்காயும் அறுத்த புல்லும். ஒரு புட்டியை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்தான். “மில்லு குடோன்ல மழத்தண்ணி எறங்குன பஞ்சு.” வின்சி திரும்ப முகர்ந்தாள். கெட்டுப்போன ஒயின். கார்க்கில் பூசணம் பிடித்தது. அதற்கு அவள் எண்பது மார்க் போட்டு வைத்திருந்தாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்து எத்தனையோ வருஷம். கீழே கட்டிலிலிருந்து அம்மா, “என்ன அங்க?” என்று குரல் கொடுத்தாள். “அவ படிச்சிட்டு இருக்காம்மா,” என்றான் செல்வின்.

ஒவ்வொரு நாளும் முடிந்ததும் தூக்கை அவனே எடுத்தான். “நான் கொட்டிட்டு வாரேன்.” பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சாக்கடையில் கொட்டி, கழுவித் துடைத்துக் கொண்டு வருவான். அவன் போனதும் வின்சி வெட்கத்தோடு புட்டிகளைத் தூக்கிப் பார்ப்பாள். மட்டத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தாள். கோப்பையில் ஊற்றியதற்கு மேல் ஒரு நாளும் குறையவில்லை.

வியாழக்கிழமை அவன் தூக்கோடு இறங்கிய பிறகுதான் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. படியிறங்கி அடுப்படிக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பின்கட்டு தெரிந்தது. செல்வின் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். தூக்கு அவன் வாயில் இருந்தது. தலையை அண்ணாந்து, அவசரமில்லாமல், நிறுத்தாமல் குடித்தான். அவள் துப்பியது எல்லாவற்றையும். பிறகு குழாயைத் திறந்து தூக்கைக் கழுவினான். வேட்டி நுனியால் துடைத்தான்.

வின்சி மாத்திரையைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். கோப்பையை முகர்ந்து எந்த நாடு என்று சொல்கிற மூக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் மூச்சை அறியவில்லை. அறை முழுக்க ஒரே வாசம், அதில் எது அவனுடையது? அவன் வந்து தூக்கை மேசையில் வைத்து, “நாளைக்கு நொரை தானே?” என்று கேட்டான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

“ஆமாண்ணே, மூணு பாட்டில்,” என்றாள்.

மறுநாள் அவன் அம்மாவுக்குச் சத்தம் கேட்காதபடி கார்க்கின் மேல் துண்டைப் போட்டு மெல்லத் திருகினான். குமிழ்கள் ஊசிமுனை போல வரிசையாக ஏறின. முதல் கோப்பை ரொட்டி அடுப்பு வாசம். இரண்டாவதில் குமிழ் பெரிது, சீக்கிரம் அடங்கியது, மலிவு. இரண்டையும் துப்பினாள். தூக்கைத் தன் மடிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு நான் கொட்டுதேண்ணே.”

அவன் கை மூன்றாவது பாட்டிலின் மேல் நின்றது.

“பாத்துட்டியோ.”

“ம்.”

“எப்ப?”

“நேத்து.”

“புட்டியத் தொடலட்டி. சத்தியமா. நீ வேண்டாம்னு துப்புனதுதான்.” பாட்டில் கழுத்தைத் துண்டால் துடைத்தபடி கேட்டான், “நேத்தே ஏன் சொல்லல?”

அவள் நோட்டைப் புரட்டினாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவன் கண்ணில் கோபம் எதுவும் தெரியவில்லை.

“பரீட்சை இருக்குல்லா,” என்று அவனே சொன்னான். மூன்றாவதைத் திறந்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றி, அவள் முன்னால் நகர்த்தினான். “எழுது.”

எழுதினாள். அவள் தூக்கை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தபோது அறையில் அவன் இல்லை. வாசலில் செருப்பும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் தெருமுனை ஆட்டோக்காரர் சிவபாண்டி அவனைக் கொண்டுவந்து இறக்கினார். ராஜபாளையத்தில் ஒயின்ஷாப் வாசலில் கிடந்தானாம். சட்டையெல்லாம் வாந்தி. அம்மாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. படுத்தபடியே கதறினாள்.

“நாலு மாசம் நல்லா இருந்தானே. எவன் இவனுக்கு வாங்கிக் குடுத்தது?”

“யாரு வாங்கிக் குடுக்கணும் டீச்சர்? கடை தொறந்துதானே கெடக்கு,” என்றார் சிவபாண்டி.

வின்சி வாளித் தண்ணீரோடு நின்றிருந்தாள். துணியை நனைத்து அண்ணன் முகத்தைத் துடைத்தாள். அவன் சட்டையைக் கழற்றும்போது பையில் போன் அடித்தது. ஜாஸ்மின். அடிக்கட்டும் என்று விட்டாள், திரும்பவும் அடித்தது.

“அண்ணன் தூங்குதாவ மைனி,” என்றாள்.

“இந்நேரமா?” என்று கேட்டாள் ஜாஸ்மின். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பின்னால் பிள்ளை ஏதோ கேட்கிற சத்தம், பிறகு போன் வைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது செல்வின் மறுபடியும் வீட்டில் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு வேலுத்தாய் வந்தாள். மிச்சமிருந்த புட்டிகளை வின்சி கழிப்பறையில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒருமுறை யோசித்தாள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்று இன்னொரு முறை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அம்மா அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள். “என் பிள்ள கைவேலையை ஆசீர்வதியும்,” என்றாள். வின்சி ஆமென் சொல்லிவிட்டு எழுந்தாள்.

இரண்டு மணிக்கு மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயிலில் பஸ் ஸ்டாண்ட் காந்தியது. டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவனைப் பார்த்தாள். செல்வின் குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நாலு பஸ் தள்ளி நின்ற தென்காசி வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தான். கால் நிலைக்கவில்லை. ஒரு கையில் தண்ணீர் பாட்டில். மறுகையால் ஒரு ஜன்னலைத் தட்டித் தட்டி, “நல்லா எழுதுட்டி,” என்று கத்திக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்த பெண் யாரோ, பயந்துபோய்க் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.

வின்சி பாதி எழுந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார், வண்டி பின்னால் நகர்ந்து திரும்பியது. செல்வின் சாத்திய கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்து, உள்ளே பார்த்துச் சிரித்து, பாட்டிலை உயர்த்திக் காட்டினான்.