குணாளன் விற்க வந்த வீடு

என் வீட்டுக்காரர் ராமையா ரிட்டயர் ஆன மறுநாளே எஸ்டேட் ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டிய மனிதருக்கு அதில் ஒரு நன்றி வார்த்தை கிடையாது.

விஷயம் தெரிந்ததும் என் தம்பி குணாளன் வந்து நின்றான். லெம்பா பெர்த்தாமில் அவனுக்குக் காய்கறித் தோட்டமும் அதை ஒட்டி ஒரு பலகை வீடும் இருந்தன. அவன் கோலா தெர்லாவுக்குக் குடிபோன பிறகு அந்த வீடு பூட்டியே கிடந்தது.

“நான் இருக்கும்போது நீ எங்கக்கா போய் வீடு தேடுவ? என் வீட்ட எடுத்துக்க. ஏஜெண்டு கீஜெண்டு ஒன்னும் வேணாம்லா. அவனுங்க வாயத் தொறந்தாலே பொய்யி.”

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. என் வீட்டுக்காரரின் சேமநிதிப் பணம் முழுவதும் இதில் போகப் போகிறது. இன்னொரு வீடு வாங்க எங்களுக்கு வழியில்லை. அப்படிப்பட்ட பணத்தை டை கட்டிய எவனையோ நம்பிக் கொடுப்பேனா?

ஈப்போவில் வேலை செய்யும் என் மகள் தனுஜா கேட்கவில்லை. தானா ராத்தாவிலிருந்து ஹிதாயா என்ற பெண் ஏஜெண்டை அனுப்பி வைத்தாள். கழுத்தில் பதிவு எண் போட்ட அட்டை, நனைந்த முக்காடு, கையில் ஒரு ஃபைல். உட்காரச் சொன்னேன்; தேநீர் கொடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான்.

“ஆன்ட்டி, அந்த வீட்டு கிராண்ட் பாத்தீங்களா?” என்று நிலப்பத்திரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டாள்.

“என் தம்பிகிட்ட நான் பத்திரம் கேக்கணுமா? கமிஷனுக்கு வந்தவளுக்கு என்ன தெரியும்?”

“கமிஷன் விக்கிறவங்க குடுக்கிறது ஆன்ட்டி. உங்ககிட்ட நான் ஒரு காசு வாங்க மாட்டேன். அந்தப் பக்கம் நெறைய எடம் வருஷ லைசென்சுல இருக்கு. அரசாங்க நெலம். அத விக்க முடியாது, அதான் கேட்டேன்.”

“அக்கா தம்பிக்குள்ள சிண்டு முடியத்தான் மழையில வந்தியா? எந்திரி மொதல்ல.”

அவள் முகம் சுருங்கியது. ஃபைலிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். திரும்பி வந்ததும் அவருக்கும் என்னிடம் திட்டு கிடைத்தது.

என்னைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். லைனில் ஒரு குடும்பம் வெளியேறினால், குடிவருகிறவர்கள் பின்பக்கம் தகரம் போட்டுக் கட்டிய சமையலறைக்கென்று ஒரு தொகையை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். சாவி கை மாறும். பத்திரம் என்ற பேச்சே வராது. கேட்டால் எதிராளியின் முகத்தில் அடித்த மாதிரி. எனக்குத் தெரிந்த வீடு வாங்குதல் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் எஸ்டேட் ஆபீஸ் கணக்கர் ராதாகிருஷ்ணன் கிராணி எங்கள் லைன் வீட்டைச் சரிபார்க்க வந்தார். கதவு, ஜன்னல், குழாய் என்று எழுதிக்கொண்டே வந்தவர் சமையலறையைப் பார்த்து நின்றார்.

“இதுவும் எஸ்டேட்டு சொத்துதான். வர்றவங்ககிட்ட இதுக்குக் காசு வாங்கக் கூடாது.”

“நாங்க காசு குடுத்துதானே சார் வாங்குனோம்?”

“யார்கிட்ட?”

“முன்னால இருந்த அம்மாக்கண்ணுகிட்ட.”

“அவங்களுக்கு யாரு குடுத்தா? பேப்பர் இருக்கா?”

அம்மாக்கண்ணு தனக்குச் சொந்தமில்லாததை எனக்கு விற்றிருக்கிறாள். இருபத்திரண்டு வருடம் அதில் சமைத்துவிட்டு, இந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கிராணி மேலும், அந்த ஏஜெண்டு மேலும், எல்லாரையும்விட என் மேலும் கோபம் பொங்கியது.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கோலா தெர்லாவில் குணாளன் வீட்டில் கூடினோம். வெற்றிலைத் தட்டில் என் வீட்டுக்காரர் முன்பணத்தை வைத்தார். குணாளன் கை நீட்டினான். நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“வீட்டு கிராண்ட எடுத்துட்டு வா.”

“என்னக்கா, வெளியாள் மாதிரி கேக்குற?”

“எடுத்துட்டு வாடா.”

கண்டபடி கத்தினான். நான் அசையவில்லை. கடைசியில் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து தட்டின் ஓரத்தில் எறிந்தான். எனக்கு மலாய் படிக்கத் தெரியும். ஒரு வருடத்துக்கு மட்டுமான லைசென்ஸ். வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று அச்சில் இருந்தது.

“எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க. எவன் வந்து பாக்கப் போறான்?”

“அப்படின்னா வெளியாளுக்கு வித்திருக்கலாமே. எத்தன நாளா பூட்டிக் கெடக்கு?”

அவன் அந்தத் தாளை எடுத்து மடித்தான்.

“சொல்லுடா.”

“ரெண்டு பேரு வந்தாங்க,” என்றான் தரையைப் பார்த்து. “கிராண்ட் கேட்டாங்க. இல்லன்னதும் போயிட்டாங்க.”

அதற்குப் பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? பணத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு எழுந்தேன். “என் அக்கான்னு இனிமே இந்தப் படி ஏறாத,” என்று பின்னாலிருந்து கத்தினான். என் வீட்டுக்காரர் அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அவன் கன்னத்தில் ஒன்று வைக்காமல் வந்துவிட்டோமே என்றுதான் இருந்தது.

திரும்பும் வழியில் கியா பார்ம் கடைகளுக்கு முன்னால் வேனை நிறுத்தச் சொல்லி, தனுஜாவிடம் நம்பர் வாங்கி ஹிதாயாவை அழைத்தேன். என் பெயரைக் கேட்டதும் அவள் குரல் இறுகியது.

“சொல்லுங்க ஆன்ட்டி.”

“எங்களுக்கு வீடு பாரு. உன்ன நம்பி ஒன்னும் கூப்பிடல, தெரிஞ்சுக்க. இனிமே நான் யாரையும் நம்புறதா இல்ல. எங்க போனாலும் அன்னிக்கு என்கிட்ட கேட்ட மாதிரியே மொதல்ல கிராண்ட கேளு. சொந்தக்காரங்க வீடா இருந்தா, ரெண்டு தடவ கேளு.”