கப்பல் வந்த மாலை

ஐஸ் பெட்டிக்குள் வைப்பதற்கு முன் அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியவள் சௌம்யாதான். தம்பி ஸ்ரீகாந்த் அப்போது புனேயிலிருந்து வந்துகொண்டிருந்தான். காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்த அப்பா சந்தானம் எழுந்திருக்கவே இல்லை. மதியத்துக்குள் மாரெட்பள்ளி வீட்டின் கூடம் நிறைந்துவிட்டது.

ஸ்ரீகாந்த் வந்து, அழுது ஓய்ந்து, அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் போனில் போன தீபாவளிக்கு எடுத்த படத்தைக் காட்டினாள். டிவிக்கு முன் கன்ட்ரோலரும் கையுமாக அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அது அவளும் அப்பாவும் ஆடிய பழைய விளையாட்டு. பள்ளியில் நான்-டீடெயிலாக வந்த ஆங்கில நாவலை, கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய மாலுமியின் கதையை, யாரோ வீடியோ கேமாக்கியிருந்தார்கள். வேலை பார்த்த லேபிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அப்பா அவளோடு ஆட உட்கார்ந்துவிடுவார். மரம் வெட்டுவார்கள், ஆடு பிடிப்பார்கள், மலையுச்சியில் தீ மூட்டுவார்கள். கப்பல் மட்டும் வராது. அவள் பத்தாம் வகுப்புக்குப் போனபோது அப்பா, கேசட்டே இவ்வளவுதான், இதற்கு முடிவு கிடையாது என்று சொல்லிப் பரணில் போட்டுவிட்டார். அவளும் நம்பினாள்.

போன வருஷம், பழைய கேம்களையெல்லாம் அடக்கிய சின்னப் பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்ததும் ஓடிப்போய் வாங்கினாள். தீபாவளி மாலையில் இருவரும் ஆடினார்கள். எதிர்க்கரையில் இன்னொரு தீ மூட்டிப் பார்க்கலாமா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். மூட்டினார்கள். கப்பல் வந்தது. "நானும் இப்பதான்டி பாக்கறேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயதில் அவள் தேம்பி அழுதாள்.

ஸ்ரீகாந்த் படத்தைப் பார்த்துச் சிரித்தான். "மொத தடவ கப்பல் வந்தப்போ இதவிடக் குதிச்சார்க்கா."

"மொத தடவையா?"

"ஹவ், ஆமா. நீ டியூஷன் போனப்புறம் நானும் அப்பாவும் பரண்லேர்ந்து எடுத்து ஆடுவோமே. ரெண்டாவது தீ அப்பாவோட ஐடியாதான்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் அவனைக் கூப்பிட்டார். சௌம்யா எழுந்து உள்ளறைக்குப் போனாள். அம்மா சகுந்தலா சுவரில் சாய்ந்திருந்தாள்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

எது என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. "உனக்குப் பரீட்சை இருந்தது. தெரிஞ்சா நீயும் உக்காந்துடுவேன்னார்."

"பரீட்சை முடிஞ்சப்பறம்? தீபாவளிக்கு?"

"நீ ஆசையா வாங்கிண்டு வந்தே. என்னன்னு சொல்றது?"

"அன்னிக்கு நான் அழுதப்போ நீயும் பாத்துண்டுதானே இருந்தே."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாய்க்கரிசி போடும்போது கூடமே அழுதது. சௌம்யாவுக்கு அழுகை வரவில்லை. மூடிய அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர்கள் மெதுவாக நகர்த்திய பிறகுதான் நகர்ந்தாள். அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் கூடத்தைக் கழுவிவிட்டாள்.

இருட்டுவதற்கு முன் ஆண்கள் திரும்பினார்கள். ஸ்ரீகாந்த் ஈர வேட்டியோடு வாசலில் நின்று, "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றான்.

அவள் பக்கெட்டைத் தூக்கி வந்து வைத்தாள்; மக் அவள் கையில் இருந்தது. மக்குக்காக அவன் கை நீட்டினான். நீட்டிய கையைப் பார்க்காமல், மக்கைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.