ஒட்டடை வரைந்த மிருகம்

"எப்படி இருக்குன்னு சொல்லேன்" என்று ஒட்டடை தன் படத்தை என் மேசைமேல் விரித்தபோது மை இன்னும் சரியாகக் காயவில்லை. சிங்க உடம்பு, மீன் செதில், வௌவால் இறக்கை. அது என் மிருகம். நான் பெற்ற பிள்ளை அடுத்த வீட்டு வாசலில் நின்று யாரையோ அப்பா என்று கூப்பிடுவதுபோல் இருந்தது.

பதிப்பகத்தில் படம் வரைகிறவர்கள் நாங்கள் இருவர்தான். உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் அவன் ஒட்டடைக்குச்சி, சுருக்கமாக ஒட்டடை. மாயாஜாலக் கதை வரிசைக்கு யாருடைய அட்டைப்படம் தேறுகிறதோ அவருக்கே எட்டுப் புத்தகமும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். படம் கொடுக்க இன்று மாலைதான் கடைசிக் கெடு. எனக்கு இந்த மிருகமெல்லாம் வராதுப்பா, நீயே வரைந்துகொள் என்று போன வாரம் ஒதுங்கியவன் இவன். என் படம் இருந்த இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது. ஆறு வருடப் பழக்கத்துக்குப் பூட்டு எதற்கு என்று விட்டது என் புத்தி. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று யாரைப் பார்த்துச் சொன்னார்களோ, எனக்கு இவன் முகம்தான் தெரிந்தது.

சிரித்துக்கொண்டே பாராட்டினேன். செதில் கோடுகள் நெருக்கமாக விழுந்திருப்பதாகச் சொன்னேன், வயிற்று நிழல் அருமை என்றேன். தலையாட்டினான், ஆனால் நகரவில்லை. வலிக்கட்டும் என்றே குறை தேடினேன். கிடைத்தது.

"இறக்கை இடுப்புல முளைச்சிருக்குடா. தோள்லதானே வரணும்? இது பறக்காது, குப்புற விழும்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எனக்கும் அதான் தோணுச்சு. உன்னோடத பாத்து அப்படியே வரைஞ்சேன். நேரா சொன்னா ஒரு வாரம் பேச மாட்டே."

என் படத்தை எடுத்துப் பார்த்தேன். இடுப்பில்தான் முளைத்திருந்தது. மூன்று வாரம் பார்த்த கண்ணுக்கு அது படவே இல்லை. வெட்கமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் உறுத்தியது. பிடிபட்டவன் சட்டென்று கட்டிய கதையாகவும் இருக்கலாமே? ஒரு தப்பைக் காட்ட மூலையில் கிறுக்கினால் போதாதா, செதில் செதிலாக முழுப் படமும் வேண்டுமா? உன்னுடையதை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். காயட்டும் என்றான்.

புதிதாக வரைய நேரமில்லை. பிளேடை அவனே எடுத்து நீட்டினான். மையைச் சுரண்டினால் தாள் பஞ்சாகும். அதன்மேல் புது மை நின்றாலும் நிற்கும், ஊறிப் பரவிப் படத்தையே கெடுத்தாலும் கெடுக்கும். அது இருவருக்கும் தெரியும்.

"சுரண்டு. நான் பிடிச்சுக்கறேன்."

என் மிருகத்தின் இடுப்பிலிருந்த இறக்கை தூளாக உதிர்ந்தது. தோளிலும் கொஞ்சம் சுரண்டி, ஊதித் தள்ளிவிட்டு, பேனாவை மையில் தொட்டேன். தாளின் இரண்டு ஓரத்தையும் அவன் விரல்கள் அழுத்திப் பிடித்திருந்தன. நிப்பு நுனியில் ஒரு சொட்டு கனத்துத் தொங்கியது. இருவரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.