நான்காவது ஆணி

எங்கள் வீட்டில் கார் கிடையாது. ஆனால் காருக்கு வேண்டியது எல்லாம் உண்டு. கூடத்துச் சுவரில் ஏழு ஹெட்லைட், புத்தக அலமாரியில் பதினொரு ஹாரன், என் புடவை பீரோவின் மேல் ஒரு ஸ்டியரிங். வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். "அது ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டு நான் காபி போடப் போய்விடுவேன்.

என் கணவர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். குரல் உயராது, கை நடுங்காது, பிடித்த பிடியை மட்டும் விடமாட்டார். ஒரு பழைய மாடல் காரின் வீல் கப், அதாவது சக்கரத்தின் நடுவே மாட்டுகிற பளபளப்பான வட்டத் தட்டு, அது நான்கையும் சேர்க்க அவருக்குப் பத்தொன்பது வருடம் ஆனது. முதலில் சுவரில் நான்கு ஆணி அடித்தார். பிறகுதான் மாட்டுவதற்குப் பொருள் தேடினார். இப்படிப்பட்ட மனிதருடன் குடித்தனம் நடத்த எனக்குத் தனியாக விருது கொடுக்க வேண்டும்.

அதே மாடல் காரையே வைத்திருந்தார் அவருடைய சிநேகிதர் பல் டாக்டர். ஆனால் காரின் மூன்று சக்கரங்களுக்குத்தான் அசல் கப். நான்காவதில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, பொய்ப்பல் மாதிரி இளித்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் எங்கள் வாசலில் ஹாரன் அடிப்பார். இவர் துள்ளி ஓடி முன் சீட்டில் ஏறிக்கொள்வார். இருவரும் பழைய சாமான் சந்தைக்குப் புறப்படுவார்கள். கார் பாதி வழியில் படுத்துவிடும். யார் தள்ளுவது என்று ஒரு சண்டை.

"உங்க கப்புல ஒண்ணைக் குடுத்தா என் கார் முழுசாயிடும், வாட்ச்காரரே."

"செட்டை உடைக்க முடியாது. நீங்க காரைக் குடுங்க, என் செட்டு முழுசாயிடும்."

இவர்கள் சிநேகம் இருபது வருடம் இப்படிச் சந்தோஷமாக ஓடியது. அதைக் கெடுத்தவள் நான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், கப்பின் விளிம்பில் துரு தெரிகிறது என்று நான்காவதை ஆணியிலிருந்து இறக்கி, என் சமையலறையில் வினிகரில் ஊறப் போட்டார். மறுநாள் அதைக் கழுவி, என் பாத்திரங்களோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவுகிற இடத்தில் காரைக் கழுவுகிறவரை என்ன சொல்வது! அன்றைக்குத்தான் பழைய பாத்திரம் எடுக்கிறவர் வந்தார். கைப்பிடி உடைந்த பாத்திரம் ஒன்றை எடுத்து, வட்டமாக இருந்ததை மேலே மூடிக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் பார்த்தால், குமிழ் கழன்ற அசல் மூடி அலமாரிக்குள் இருக்கிறது. அப்படியானால் நான் கொடுத்து அனுப்பியது அவருடைய நான்காவது கப்!

அதற்குள் டாக்டர் வந்து, சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தார். இவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"டாக்டரைத் தவிர வேற யாரு வந்தா?"

அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இருபத்தாறு வருடம் வகுப்பில் நின்று, "யாரு செஞ்சது? எழுந்து நில்லு" என்று பிள்ளைகளை மிரட்டிய டீச்சர் நான். என் முறை வந்தபோது பெஞ்சோடு பெஞ்சாக ஒட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வாசலில் ஹாரன் மூன்று தடவை அடித்தது. இவர் எழுந்திருக்கவில்லை. நான்காவது தடவை அடிக்காமல் கார் போய்விட்டது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஒரே ஹாரனை எடுத்துத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, குத்தியது. பாத்திரக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "அது அப்பவே கை மாறிடுச்சும்மா" என்றார். மூடியைப் பரணில் ஒளித்து வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

போன ஞாயிறு, "எனக்கு ஒரு வாணலி வேணும், வாங்க" என்று பொய் சொல்லி, அவரைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கண்ணில் பட்டால் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

அந்தச் சந்தையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொருளின் மேல் முதலில் கை வைத்தவருக்குத்தான் அது. கையை எடுக்கும்வரை இன்னொருவர் வாய் திறந்து கேட்கக் கூடாது. கையை எடுத்துவிட்டால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்.

பாத்திரக் குவியல் பக்கம் திரும்பினேன். என் பாத்திரம் என்னையே பார்த்தது. அதே உடைந்த கைப்பிடி, அதே நசுங்கல், தலையில் தொப்பி மாதிரி அந்த வீல் கப். நான் மூச்சு விடுவதற்குள் இடப் பக்கத்திலிருந்து ஒரு கை, வலப் பக்கத்திலிருந்து ஒரு கை, இரண்டும் ஒன்றாக அதன் மேல் விழுந்தன. ஒன்று என் கணவருடையது. இன்னொன்று டாக்டருடையது.

இருவரும் கையை எடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கப்பைத்தான் பார்த்தார்கள். இவர் கையை எடுக்காமலே விளிம்பைச் சற்று உயர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தார். தன் பொருள் எல்லாவற்றிலும் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இருந்தது.

"எடுத்ததுதான் எடுத்தீங்க, டாக்டர். உங்க கார்லயாவது மாட்டியிருக்கலாம். வித்துட்டீங்களே."

டாக்டரின் முகம் சுண்டிப்போய்விட்டது. "நான் எடுத்தேன்னா நினைச்சீங்க? அதனாலயா வெளிய வரல? எனக்குக் காரணமே தெரியாம எட்டு மாசம்..."

இனியும் அந்தப் பெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"நான்தான் பழைய பாத்திரக்காரர்கிட்ட போட்டேன்," என்றேன். "மூடின்னு நினைச்சு. பாருங்க, இது நம்ம பாத்திரம். பதினஞ்சு வருஷம் இதுல செஞ்சதைத்தான் சாப்பிட்டீங்க. கப்பு தெரியுது, பாத்திரம் தெரியலையா? அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். டாக்டர் மேல பழி விழுந்தப்பவும் பேசாம இருந்துட்டேன். தப்பு என்னோடது."

அழுதுகொண்டே சொன்னேன். வாணலி விற்கிறவர்கூட வேடிக்கை பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், அப்புறம் டாக்டரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கப்பின் மேலிருந்த தன் கையை எடுத்தார்.

டாக்டர் பதறிவிட்டார். "என்னய்யா பண்றீங்க? கையை வைங்க! உங்களுது இது. செட்டு உடைஞ்சுபோயிடும்!"

"எடுத்த கையை வைக்கக் கூடாது. சட்டம் தெரியும்ல?" இவர் மூக்கை உறிஞ்சினார். "முதல்ல அந்தப் பிளாஸ்டிக்கைக் கழட்டுங்க டாக்டர். பார்க்கச் சகிக்கல."

கடைக்காரர் பாத்திரத்தோடு சேர்த்துத்தான் கப்பைத் தருவேன் என்று பிடிவாதம் பிடித்ததில், பாத்திரம் என் மடிக்கு வந்தது. பின் சீட்டில் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு சக்கரத்திலும் அசல் கப்போடு கம்பீரமாகப் புறப்பட்ட கார், வழக்கமான இடத்தில் படுத்துவிட்டது. முன்னால் சண்டை தொடங்கியது. அதைக் கேட்பதற்கு எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது! இந்தத் தடவை நானே இறங்கித் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்ததும், "மூடி எங்க?" என்றார். பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். பாத்திரத்தைக் கடைக்கு எடுத்துப்போய், உடைந்த பிடிக்குப் பதில் பழைய கார்க் கதவின் கைப்பிடி ஒன்றைப் பொருத்திக் கொண்டுவந்தார். மூடியை மட்டும் திருப்பித் தரவில்லை. துடைத்து, உள்பக்கம் வெள்ளைப் புள்ளி வைத்து, குமிழ் இருந்த ஓட்டையைக் கொண்டு நான்காவது ஆணியில் மாட்டிவிட்டார்.

நேற்று ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது எந்த மாடல் சார்?" என்று கேட்டார்.

"அது கிடைக்கவே கிடைக்காதுங்க. எங்க வீட்டம்மா எட்டு மாசம் பத்திரமா வச்சிருந்து குடுத்தது."

நான் சமையலறையிலேயே நின்றுகொண்டேன். பாத்திரத்தை இப்போதெல்லாம் ஒரு தட்டுப் போட்டுத்தான் மூடுகிறேன். மூடியைத் திருப்பிக் கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.